இரு சக்கரத்தில் பெண்கள் – 6: வெள்ளைக் கையுறைப் பெண்கள்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்றொரு துறைமுக நகரம். 1930-களின் பிற்பகுதியில் அங்கிருந்து லிண்டா டூஜோ என்ற இளம்பெண் கடிதம் எழுதத் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் விற்கும் டீலர்களுக்கு எழுதினார், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதினார், யாருக்காவது விவரம் தெரியும் என்று கேள்விப்பட்டால் அவர்களுக்கும் எழுதினார். கேட்டது ஒன்றைத்தான். உங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண் யாராவது உண்டா? இருந்தால் பெயரும் முகவரியும் வேண்டும்.

மூன்று ஆண்டுகள் இந்தத் தபால் வேலை நடந்தது. அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரை வரை பரந்து கிடக்கும் நாட்டில், அத்தனை கடிதத்துக்கும் பலனாகச் சேர்ந்தவர்கள் 51 பேர்.

சென்ற இதழ்வரை நாம் பார்த்தவர்கள் தனியாகவோ இருவராகவோ போனவர்கள். 1915-ல் எஃபி ஹாட்ச்கிஸ் தன் தாயை சைட்காரில் உட்காரவைத்துக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போனார். மறுவருடம் வான் பியூரன் சகோதரிகள் ஆளுக்கொரு 'இந்தியன்' கம்பெனி வண்டியில் நாட்டைக் குறுக்காகக் கடந்தார்கள். வழியில் கால்சட்டை அணிந்த குற்றத்துக்காகச் சில ஊர்களில் போலீஸிடம் மாட்டினார்கள், பைக்ஸ் பீக் என்ற 14,000 அடி மலையின் உச்சிவரை வண்டியிலேயே ஏறினார்கள். பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதின. ஆனால் சர்க்கஸ் வந்தால் எழுதுவதுபோல எழுதின. ஒருத்தி போனால் வேடிக்கை. ஐம்பது பேர் வரிசையாகப் போனால் அது போக்குவரத்து. இந்த வித்தியாசத்தை முதலில் உணர்ந்தவர் லிண்டா டூஜோ என்றுதான் சொல்ல வேண்டும்.

யோசனை முழுக்க அவருடையதும் அல்ல. அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த கரோல் டூபான்ட் என்பவர், விமானம் ஓட்டும் பெண்கள் ஏற்கெனவே ஒரு சங்கம் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1929-ல் அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்றிருந்த பெண் விமானிகள் 117 பேருக்கு அழைப்புக் கடிதம் போனது. 99 பேர் சேர்ந்தார்கள். எனவே சங்கத்தின் பெயரே 'தொண்ணூற்றொன்பது' என்றானது, அமெலியா இயர்ஹார்ட் முதல் தலைவரானார். வான் பியூரன் சகோதரிகளில் மூத்தவரான அகஸ்டா பின்னாளில் விமானம் ஓட்டக் கற்று அந்தச் சங்கத்தில்தான் சேர்ந்தார். வானத்தில் முடிகிற காரியம் சாலையில் முடியாதா?

1940-ல் சங்கம் உருவானது. பெயர் மோட்டார் மெய்ட்ஸ். அமெரிக்கன் மோட்டார்சைக்கிள் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.எம்.ஏ., மறுவருடம் அதற்கு அங்கீகாரம் கொடுத்தது. லிண்டா டூஜோ செயலாளர். தலைவர் டாட் ராபின்சன்.

சேர்வதற்கு முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி சொந்த வண்டியாகவோ குடும்பத்தில் ஒருவருடையதாகவோ இருக்க வேண்டும், அதை அந்தப் பெண்ணே ஓட்ட வேண்டும். சாதாரண விதியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் கிளப்புகளைப் பார்த்தால் அதன் கூர்மை புரியும். அவை பெரும்பாலும் ஆண்களின் கிளப்புகள். பெண்கள் வருவார்கள், பின்சீட்டில். சுற்றுலாச் சவாரி முடிந்ததும் சாண்ட்விச் எடுத்து வைப்பார்கள், பரிசளிப்பில் கைதட்டுவார்கள். ஓட்டுநரின் மனைவி என்ற தகுதியோ காதலி என்ற தகுதியோ மோட்டார் மெய்ட்ஸில் செல்லாது.

அடுத்தது சீருடை. ராயல் ப்ளூவும் வெள்ளிச் சாம்பலும் கலந்த உடை. அதோடு வெள்ளைக் கையுறை. 1941-ல் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு உடை வாங்கித் தர நிதி திரட்டும் சாரிட்டி நியூசீஸ் பந்தயம் நடந்தது. அங்கே இவர்கள் வெள்ளைக் கையுறையோடு அணிவகுத்து வந்தார்கள். 'வெள்ளைக் கையுறைச் சீமாட்டிகள்' என்று அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை உதிரவில்லை.

இதைப் படிக்கும் இன்றைய வாசகிக்குச் சின்ன எரிச்சல் வரலாம். வண்டி ஓட்டப் போகும் இடத்தில் எதற்கு இந்த அலங்காரம்? ஆண்களும் அன்று அப்படித்தான் போனார்கள் என்பது முதல் பதில். 1930-களின் கிளப் படங்களைப் பாருங்கள். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் டை, தலையில் போலீஸ்காரர் தொப்பி. மிக நேர்த்தியாக உடுத்தி வரும் கிளப்புக்கு ஏ.எம்.ஏ. பரிசே கொடுத்தது. தோல் ஜாக்கெட்டும் எண்ணெய்க் கறையும் வீரத்தின் அடையாளமானது பிந்திய கதை.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பானது. ஆணுக்கு டை கட்டுவது பரிசுக்காக. பெண்ணுக்கு அந்த வெள்ளைக் கையுறை சாலையில் போவதற்கான அனுமதிச் சீட்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண் குடும்பப் பெண்ணாக இருக்க முடியாது என்று நினைத்த சமூகத்துக்கு, கேள்வி எழும் முன்பே கொடுத்த பதில் அது. பதில் சொல்ல வேண்டியிருந்ததே அநியாயம்தான். ஆனாலும் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு நியாயம் பேசிக்கொண்டிருப்பதைவிட, கையுறையை மாட்டிக்கொண்டு 500 மைல் போய்வருவது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவை இன்று வசதியாக உட்கார்ந்து கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அந்த 500 மைல் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹார்லி கம்பெனியின் அன்றைய பெரிய வண்டி கால் டன் கனம். ஸ்டார்ட் செய்ய உதைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் உறுமும் பெரிய ஹார்லி 1965-ல்தான் வந்தது. கிளட்சு இடது காலில். கியர் பெட்ரோல் டேங்கின் இடப்பக்கத்தில் ஒரு தண்டு, அதை நகர்த்த இடது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தே தீர வேண்டும். பெரிய ஹார்லிகளின் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் 1958 வரை கிடையாது. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும், சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் ஒன்றுதான் ஆறுதல். இந்தியன் வண்டி வைத்திருப்பவருக்கோ பெரும்பாலும் எல்லாம் இடவலம் மாறி இருக்கும். ஆக்ஸிலேட்டர் இடது கையில், கியர் வலது கையில். தோழியின் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதுகூட அன்று அத்தனை சுலபமில்லை.

இப்படிப்பட்ட வண்டிகள் பத்து இருபது சேர்ந்து போவது தனிக் கலை. குழுச் சவாரி என்றால் பலர் அருகருகே ஓட்டுவது என்று நினைப்பவர்கள் அதில் போனதில்லை. இடது, வலது என்று மாற்றி மாற்றி, ஒருவருக்கு நேர் பின்னால் இன்னொருவர் வராதபடி வரிசை அமைய வேண்டும். முன்னால் போகிறவர் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவருக்கு விலகிக்கொள்ள இடம் இருக்கும். தலைமை வண்டி லேசாக வேகம் கூட்டினால் அது கடைசி வண்டிக்குப் போய்ச் சேரும்போது சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டிபோல ஓர் இழுப்பு. முன்னால் போகிறவர் 40 மைல் வேகத்தில் போகிறார் என்றால், கடைசியில் வருபவர் ஒரு நேரம் 55-ல் விரட்டுவார், மறுநேரம் 25-ல் தவழ்வார். அதனால்தான் குழுவில் புதியவரை முன்வரிசையில் விட்டு, கைதேர்ந்த ஒருவரைக் கடைசியில் வைக்கிறார்கள். பழுதாகி நிற்கும் வண்டிக்குத் துணை நிற்பதும் கடைசியில் வருபவரின் பொறுப்பு. இன்றும் இதுதான் முறை.

திரும்புவதற்கான விளக்குகள் வழக்கத்துக்கு வராத காலம். எல்லாச் சைகையும் இடக்கையால்தான். நீட்டினால் இடப்பக்கம், மேலே மடக்கினால் வலப்பக்கம், கீழே தொங்கவிட்டால் நிறுத்தம். வரிசையின் கடைசியில் தூசிக்கு நடுவே வருபவருக்கு முன்னால் நீளும் கை தெரிந்தாக வேண்டும். அதற்கு வெள்ளைக் கையுறையைவிட நல்லது என்ன இருக்கிறது? சீமாட்டித்தனத்துக்காக மாட்டிய கையுறை சாலையில் இப்படியும் உதவியிருக்கும். ஆவணத்தில் படித்ததல்ல இது, என் ஊகம்.

இனி டாட் ராபின்சன். இந்த அத்தியாயத்தின் நாயகி அவர்தான்.

1912-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் கோல்டிங் சைட்கார் வடிவமைப்பாளர். பிரசவ வலி எடுத்ததும் அம்மாவை சைட்காரில் வைத்துத்தான் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்பது குடும்பக் கதை. அப்படிப் பார்த்தால் டாட்டின் முதல் சவாரி பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1918-ல் குடும்பம் அமெரிக்கா வந்தது. மிச்சிகன் மாநிலம் சாகினாவில் அப்பா மோட்டார் சைக்கிள் கடை வைத்தார். அந்தக் கடைக்கு வந்துபோன ஏர்ல் ராபின்சன் என்ற இளைஞரை 1931-ல் டாட் மணந்தார். பிற்பாடு இருவரும் டெட்ராய்ட்டில் ஹார்லி டீலர்ஷிப் நடத்தினார்கள்.

1930-ல் ஃபிளின்ட் நகரில் 100 மைல் தாக்குப்பிடிப்புப் போட்டி. அதுதான் டாட் கலந்துகொண்ட முதல் போட்டி, கோப்பையோடு வீடு திரும்பினார். 1935-ல் கணவனும் மனைவியும் சைட்கார் பூட்டிய ஹார்லியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து புறப்பட்டு, மாற்றி மாற்றி ஓட்டி, 89 மணி 58 நிமிடத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். சைட்கார் வண்டிக்கு அது அன்றைய சாதனை. நான்கு பகல் நான்கு இரவு என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்தச் சாலைகளில் பாதிக்கு மேல் இன்றைய அர்த்தத்தில் சாலையே அல்ல.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஜாக் பைன். மிச்சிகன் காடுகளில் இரண்டு நாள், 500 மைல். மணல், சேறு, ஓடை, மரவேர். வேகமாகப் போனால் ஜெயிக்கலாம் என்ற போட்டி அல்ல இது. ஒவ்வொரு சாவடிக்கும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் மதிப்பெண் போகும், பிந்தினாலும் போகும். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு மாட்டு மணி! அந்த மணிக்காக அமெரிக்காவின் தேர்ந்த ஓட்டுநர்கள் எல்லாம் வந்து சேற்றில் புரண்டார்கள். 1940-ல் டாட் அங்கே சைட்கார் பிரிவில் முதலிடம் பிடித்தார். ஏ.எம்.ஏ.யின் தேசியப் போட்டி ஒன்றில் ஒரு பெண் வென்றது அதுவே முதல்முறை. இது தற்செயல் என்று யாராவது முணுமுணுத்திருந்தால் 1946-ல் அவர்கள் வாய் அடைத்திருக்கும். அந்த வருடமும் டாட்தான் வென்றார்.

போட்டிகளில் பெண்ணைச் சேர்ப்பது ஏ.எம்.ஏ.வுக்குள் பலருக்குப் பிடிக்கவில்லை. வெளியேற்றப் பார்த்தார்கள், டாட் விடவில்லை. பகலெல்லாம் சேற்றில் ஓட்டிவிட்டு மாலையில் கவுனும் குதிகால் உயர்ந்த செருப்பும் தொப்பியுமாக விருந்துக்கு வந்து நிற்பார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் கையுறையின் தர்க்கம் இங்கேயும் வேலை செய்கிறது. பெண் மாதிரி இல்லை என்று சொல்லும் வாய்ப்பை எதிராளிக்குக் கொடுக்கவே கூடாது. அதே நேரத்தில் சேற்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மோட்டார் மெய்ட்ஸின் தலைவராக அவர் 25 ஆண்டுகள் இருந்தார். நாடு முழுக்க வண்டியிலேயே சுற்றி உறுப்பினர் சேர்த்தார். லிண்டா தபாலில் தொடங்கியதை டாட் நேரில் போய் முடித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். வாழ்நாளில் 15 லட்சம் மைல் ஓட்டியிருப்பேன் என்பது அவரது கணக்கு. பூமியிலிருந்து நிலவுக்கு மூன்று முறை போய்வந்த தூரம்!

சங்கம் பிறந்த மறுவருடமே அமெரிக்கா போரில் இறங்கியது. டயருக்கு ரேஷன், பிறகு பெட்ரோலுக்கு ரேஷன். ஊர் சுற்றுவதற்கென்று பெட்ரோல் கேட்பதே தேசத்துரோகம் என்ற மனநிலை. அந்த நிலையிலும் 1944-ல் கொலம்பஸில் மோட்டார் மெய்ட்ஸின் முதல் மாநாடு நடந்தது. பல மாநிலங்களில் சிதறிக் கிடந்தவர்கள், கடிதத்தில் மட்டுமே பழகியவர்கள், ஒரே இடத்தில் கூடினார்கள். மாநாட்டுக்கு அவரவர் வண்டியில் வந்து சேர்வதுதான் இந்தச் சங்கத்தில் பெருமை. வழியில் பட்ட பாடும் மாநாட்டில் ஒரு பகுதிதான். அங்கே பேசித் தீர்த்த தீர்மானங்களைவிட, எந்த ஊரில் எந்த மெக்கானிக் பெண் என்று பார்க்காமல் ஒழுங்காக வேலை செய்வான், எந்த விடுதியில் இடம் தருவார்கள் என்ற தகவல்கள்தான் அவர்களுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

விடுதி என்றதும் இந்த வரிசையில் இடம்பெறாத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட். கறுப்பினப் பெண். 1930-களிலும் 40-களிலும் எட்டு முறை அமெரிக்காவை நெடுகச் சுற்றியவர், தனியாக. வரைபடத்தின் மேல் ஒரு காசைச் சுண்டிவிட்டு, அது விழுந்த ஊருக்குப் புறப்படுவார். தென் மாநிலங்களில் விடுதிகள் அவருக்கு அறை தராது. தெரிந்த கறுப்பினக் குடும்பம் இருந்தால் அங்கே தங்குவார். இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் வண்டியின் மேலேயே ஜாக்கெட்டைத் தலையணையாக்கிப் படுத்துவிடுவார். போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் செய்தி கொண்டுசெல்லும் பணியும் செய்தார். தம் பிறப்பைப் பற்றி அவர் சொல்லிவந்த விவரங்கள் பிற்பாடு கிடைத்த ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர் ஓட்டியதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மோட்டார் மெய்ட்ஸுக்கு அங்கீகாரம் தந்த அதே ஏ.எம்.ஏ. அந்நாளில் கறுப்பின மக்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கையுறை எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அதை மாட்டும் கையின் நிறம்தான் கதவைத் திறந்தது. மயாமியில் குடியேறிய பெஸ்ஸியை, கறுப்புப் பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று போலீஸார் மிரட்டியபோது, அவர் நேராகப் போலீஸ் அதிகாரியிடம் போனார். அவர் முன்னால் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு தொல்லை இல்லை. பிற்பாடு அவரே அயர்ன் ஹார்ஸ் என்ற கிளப்பை மயாமியில் தொடங்கினார். சேர்த்துக்கொள்ளாதவர்களின் வாசலில் அவர் காத்திருக்கவில்லை.

1947 ஜூலை. கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சிற்றூர். ஏ.எம்.ஏ. நடத்திய ஜிப்சி டூர் கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்தார்கள். குடி, தெருச் சண்டை, நடுத்தெருவில் பந்தயம். பெரிய சேதம் ஒன்றுமில்லை, ஆனால் லைஃப் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. காலி பாட்டில்களுக்கு நடுவே ஹார்லி மேல் சாய்ந்திருக்கும் ஒரு குண்டு மனிதன். அந்த ஒரு படம் மோட்டார் சைக்கிள்காரன் என்றால் ரவுடி என்று நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது. 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த ஒரு சினிமா அதை உலகத்துக்கே கொண்டுபோனது. அதில் கதாநாயகி உட்காரும் இடம் எது தெரியுமா? பிராண்டோவுக்குப் பின்னால்.

பதிமூன்று வருட உழைப்பு ஒரு சினிமாவில் பின்சீட்டுக்குப் போய்விட்டது. ஆண்களுக்கு ரவுடி என்ற பெயராவது ஒரு கவர்ச்சியைத் தந்தது. பெண்களுக்கு அதுவும் இல்லை. இந்தக் காலத்தில் டாட் ராபின்சன் என்ன செய்தார் என்றால், தன் ஹார்லிக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார். உடையும் இளஞ்சிவப்பு. வண்டியில் லிப்ஸ்டிக் வைக்கத் தனியாக ஒரு தாங்கி. கறுப்புத் தோல் உடைக்காரர்களிடமிருந்து தன்னை இதைவிடத் தெளிவாக யாரும் விலக்கிக் காட்டியிருக்க முடியாது. இது தந்திரமா, ரசனையா? இரண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எல்லாப் பெண் ஓட்டுநர்களுக்கும் சீருடையும் அணிவகுப்பும் போதவில்லை. நியூயார்க் மாநிலம் வாட்டர்லூவைச் சேர்ந்த லூயிஸ் ஷெர்பின், கடலுக்கு அப்பாலும் வண்டி ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களையும் ஒரே சங்கிலியில் கோக்க வேண்டும் என்று எண்ணினார். 1950-ல் அவர் தொடங்கியதுதான் பெண்கள் சர்வதேச மோட்டார்சைக்கிள் சங்கம். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று கிளை விட்டுப் பின்னாளில் இந்தியா வரைக்கும் வந்த சங்கம் அது. அதன் முதல் துணைத்தலைவராக ஷெர்பின் தேர்ந்தெடுத்தவர் அமெரிக்கர் அல்ல. தெரசா வாலக் என்ற ஆங்கிலேயப் பெண். என்ஜினியர், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் செய்தி ஓட்டுநர், புரூக்லாண்ட்ஸ் பந்தயப் பாதையில் 100 மைல் வேகத்தைத் தாண்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர்.

இவையெல்லாவற்றுக்கும் முன்பு, 1934 டிசம்பர் 11 அன்று, வாலக்கும் அவரது தோழி ஃபுளோரன்ஸ் பிளென்கிரனும் ஒரு பேந்தர் மோட்டார் சைக்கிளில் சைட்காரையும் அதன் பின்னால் ஒரு டிரெய்லரையும் பூட்டிக்கொண்டு லண்டனிலிருந்து கிளம்பியிருந்தார்கள். போக நினைத்த இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன். நடுவில் சகாரா. கையில் திசைகாட்டிகூட இல்லை. அடுத்த இதழில் அவர்களோடு பாலைவனத்தில் இறங்குவோம்.

(தொடரும்)